கொப்பி வெறுமையாக இருக்கிறதென்று கோபப்பட்ட ஒரு தகப்பன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிற ஒரு மேசன். பத்திரிகைக்கு இதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை. போன கிழமை மகளின் பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், புதன்கிழமைச் செய்முறைப் பாடத்தை நிறுத்தச் சொல்லிச் சிலர் கேட்டபோது, பேச வேண்டிய இடத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வந்தேன், அது அன்றிலிருந்து மனதைப் போட்டு அரிக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளியின் பெயரும் ரீச்சரின் பெயரும் இதில் வேண்டாம்.

மகள் இந்த வருடம் தரம் 3. ஜனவரியில் பள்ளி தொடங்கி இரண்டு கிழமை ஆகியும் எந்தக் கொப்பியிலும் இரண்டு பக்கம்கூட நிரம்பவில்லை. பையைத் திறந்தால் ஈர்க்குத் துண்டு, யோகட் கப், சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம், காய்ந்த களிமண் உருண்டை. வெள்ளைச் சட்டையில் செவ்வரத்தம்பூச் சாறு. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே தரம்தான், வேறு பள்ளி, அவன் கூட்டல் கழித்தல் என்று அரைக் கொப்பி முடித்துவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. சாதாரண தரப் பரீட்சை தாண்டாமல் வெயிலில் நிற்கிறவன் நான், என் பிள்ளையும் இப்படி நிற்கக்கூடாது என்று நினைக்கிறவனுக்கு வெறும் கொப்பியைக் கண்டால் வயிறு எரியும்தானே.

நேரே போய் ரீச்சரிடம் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அந்தப் பிள்ளை (ரீச்சருக்கு என் கடைசித் தங்கையின் வயதுதான் இருக்கும்) கோபப்படவில்லை. “அண்ணன், நான் சொல்லி விளங்கப்படுத்துறதவிட நீங்க பாத்தா நல்லா விளங்கும். புதன்கிழமை ஒருநாள் வேலைக்குப் போகாம வந்து பின்னுக்கு இருங்க” என்றார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் இருந்தேன். அந்த ஒரு நாளில் பார்த்ததை எழுதினால்தான் மற்றப் பெற்றோருக்கும் விளங்கும் என்று நினைக்கிறேன், நீளமாகப் போனால் மன்னியுங்கள்.

முப்பத்துநாலு பிள்ளைகள். நாலு நாலு பேராக, கடைசிக் கூட்டத்தில் மட்டும் ஆறு பேர். ஒவ்வொரு மேசையிலும் புத்தகங்களை இரண்டு அடுக்காக வைத்து நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஒரு ஏ4 தாள், ஒன்றே ஒன்று. பசை கிடையாது, கத்தரிக்கோல் கிடையாது. அந்தத் தாளால் இடைவெளிக்குப் பாலம் போட வேண்டும், அதன்மேல் ஐந்து ரூபாய்க் குற்றி எத்தனை வைக்கலாம் என்று பார்க்க வேண்டும். ஆனால் தாளைத் தொடுவதற்கு முதல் ஒவ்வொரு கூட்டமும் தாங்கள் செய்யப்போகிற பாலத்தைக் கீறிக் காட்ட வேண்டும், பக்கத்தில் எத்தனை குற்றி தாங்கும் என்று ஓர் எண்ணும் எழுத வேண்டும். அந்த எண்ணை அழிக்கக்கூடாது. பிழைத்தால் பிழைத்ததுதான், அதற்குப் பக்கத்தில் சரியான எண்ணை எழுத வேண்டும். இது எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் தொழிலில் மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டு அழிக்க முடியாது.

எல்லோரும் முதலில் தாளைச் சும்மா விரித்து வைத்தார்கள். மூன்று குற்றியில் தாள் குழிந்து விழுந்தது. ரீச்சர் ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய் “ஏன் விழுந்தது? எந்த இடத்தில முதல் வளைஞ்சது?” என்று கேட்டார், அவ்வளவுதான். ஒரு கூட்டம் தாளை இரண்டாக மடித்தது, கொஞ்சம் கூடத் தாங்கியது. இன்னொரு கூட்டம் இரண்டு ஓரத்தையும் மேலே நிமிர்த்திப் பீலி மாதிரி ஆக்கியது, அது இன்னும் நன்றாகத் தாங்கியது. பிறகு ஜன்னல் பக்கம் இருந்த ஒரு பொடியன், படிப்பு ஏறாது என்று ஊரில் எல்லோரும் சொல்கிற பிள்ளை, வாசிக்கக் கஷ்டப்படுகிறவன், தாளை விசிறி மடிக்கிற மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கி மடித்து வைத்தான். நாற்பத்தொரு குற்றி. அதற்கு மேல் வைக்க வகுப்பில் குற்றி இல்லை. எப்படி யோசித்தாய் என்று ரீச்சர் கேட்டதற்கு அவன் சொன்னான், “எங்கட வீட்டுக் கூரைத் தகரம் இப்பிடித்தான் ரீச்சர் இருக்கு.”

நான் எத்தனை வீட்டுக்குத் தகரம் போட்டிருப்பேன். அந்தத் தகரம் ஏன் அலை அலையாக இருக்கிறது என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. மழைத்தண்ணீர் வழிந்து போகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரீச்சர் அதோடு விடவில்லை. பாத்திரம் கழுவுகிற ஸ்பொன்ச் ஒன்றை எடுத்து, அதன் பக்கவாட்டில் பேனையால் நேர்க்கோடுகள் போட்டு, இரண்டு பக்கமும் புத்தகத்தில் தாங்கவிட்டு நடுவில் விரலால் அமத்திக் காட்டினார். மேல்பக்கம் கோடுகள் நெருங்கின, கீழ்ப்பக்கம் கோடுகள் விலகின. மேலே நெரிபடுகிறது, கீழே இழுபடுகிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அமத்திப் பார்த்தார்கள். பின்னுக்கு இருந்த எனக்கு அந்த நேரம் உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக நான் கொங்கிறீட் வளை (பாரம் தாங்குகிற உத்தரம்) போடுகிறேன். முக்கியமான கம்பி கீழ்ப்பக்கம் வர வேண்டும் என்று எனக்குத் தொழில் பழக்கிய பாஸ் சொன்னார், செய்தேன், எனக்குக் கீழே வேலை செய்கிற பொடியன்மாருக்கும் அதையே சொன்னேன். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொங்கிறீட் நெரிபடுவதைத் தாங்கும், இழுபட்டால் வெடிக்கும், அதனால் இழுபடுகிற பக்கத்துக்குத்தான் கம்பி. ஜன்னலுக்கு மேல் வெளியே நீட்டுகிற சன்சேட்டுக்கு மட்டும் ஏன் கம்பி மேலே போகிறது என்று வீட்டுக்கு வருகிற வழியில் யோசித்தேன். அது ஒரு பக்கம் மட்டும் பிடிமானத்தில் தொங்குகிறது, பாரம் வந்தால் கீழ்நோக்கி வளையும், அப்போது இழுபடுவது மேல்பக்கம்! சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். எட்டு வயதுப் பிள்ளைகளோடு இருந்து இதை நான் படித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்படிச் செய்வித்துப் படிப்பிக்கிறதற்குத்தான் ஸ்டீம் என்று பெயராம். விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகள். பெயர் அமெரிக்காவில் இருந்து வந்தது, முதலில் கலை இல்லாமல் நாலாக இருந்து பிறகு ஐந்தானது. பெயர் எங்கேயிருந்தும் வரட்டும், சரி. எனக்குப் பிடித்தது அந்த வகுப்பில் இருந்த சாமான்கள்தான், எல்லாமே எங்கள் வளவில் கிடக்கிறவை.

பையில் கிடந்த ஈர்க்கும் களிமண் உருண்டையும் இன்னொரு நாள் பாடம். நாலு ஈர்க்கில் சதுரம் செய்தால் ஒரு மூலையைத் தள்ளினதும் சரிந்து போகிறது, மூன்று ஈர்க்கில் முக்கோணம் செய்தால் அசைவதில்லை. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு ஈர்க்கு வைத்தால் அதுவும் நின்றுவிடுகிறது, ஏனென்றால் இப்போது அதற்குள் இரண்டு முக்கோணம். படலைக்குக் குறுக்குச் சட்டம் அடிக்கிற எவனுக்கும் இது கையில் தெரியும். பிறகு கல்லடிப் பழைய பாலத்தின் படத்தைக் காட்டி முக்கோணங்களை எண்ணச் சொல்லியிருக்கிறார். 1924 இல் கட்டிய இரும்புப் பாலம், 2013 இல் பக்கத்தில் புதுப் பாலம் திறக்கும்வரை ஒரு வாகனம் போக மற்றப் பக்கம் காத்துக் கிடந்த பாலம். நாங்கள் எத்தனை தடவை அதில் காத்து நின்றிருப்போம், அதன் சட்டங்களைப் பார்த்தோமா? மகள் இப்போது பஸ்ஸில் போகும்போது கோபுரம், தண்ணீர்த்தாங்கி, கூரை எல்லாவற்றிலும் முக்கோணம் தேடுகிறாள்.

மற்றவைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆராத்தி கரைக்கிற எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், அதையே தொடங்கி வைத்துச் செவ்வரத்தம்பூச் சாறுக்குத் தேசிக்காய்ப் புளியும் சவர்க்காரத் தண்ணீரும் விட்டு நிறம் மாறுவதைக் காட்டினாராம், அதுதான் சட்டையில் இருந்த கறை. களிமண் உருண்டையாக இருந்தால் தாழ்கிறது, அதே களிமண்ணைச் சட்டி மாதிரிக் குழித்தால் மிதக்கிறது, அப்படியானால் மண்டூர், குருமண்வெளி பாதை இரும்பாக இருந்தும் மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு எப்படி மிதக்கிறது என்று ஒரு கேள்வி. (வெளியூர் வாசகர்களுக்கு, வாவியைக் கடக்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம்.) பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்து வைத்து மழை அளக்கிற போத்தல் ஒன்று. போத்தலில் ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீட்டர் தண்ணீர். பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2000 லீட்டர், பெரிய தாங்கி இரண்டு நிரம்பும். இந்தக் கணக்கை மகள் அவளின் அப்பப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வயல்காரன், மழையோடு வாழ்ந்த மனிசன், “எங்க, அந்தப் போத்தலக் கொண்டா பாப்பம்” என்று வாங்கிப் பார்த்தார்.

அப்புறம் ஒருநாள் ரீச்சர் என்னையே வரச் சொன்னார், மட்டக் குழாயோடு. மேசன்மாருக்குத் தெரியும், தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடித்தால் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும், நடுவில் சுவர் இருந்தாலும் சரி. அதை வைத்துத்தான் வீடு முழுக்க மட்டம் எடுக்கிறோம். மிஞ்சிய செவ்வரத்தம்பூச் சாற்றைத் தண்ணீரில் விட்டார் ரீச்சர், சிவப்பாகத் தெரிந்தது. ஒரு பிள்ளை வகுப்பின் இந்த மூலையில், மற்றப் பிள்ளை வெளியே விறாந்தையில். ஒருத்தி தன் முனையை உயர்த்துகிறாள், மற்றவளின் முனையில் தண்ணீர் ஏறுகிறது, இரண்டு பேருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. முதல் தடவை மட்டம் பிழைத்தது. நான் சொல்ல வாய் எடுத்தேன், ரீச்சர் கண்ணால் பேசாமல் இருக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் போயிருக்கும். குழாயை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு போன ஒரு சின்னவள் “இதுக்குள்ள காத்துக் குமிழ் ஒண்டு கிடக்கு!” என்று கத்தினாள். அதுதான் பிழை. வேலைக்கு வந்த புதிதில் இதே குமிழால் நான் ஒரு சுவரை உடைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறேன்.

மூலை மட்டமும் காட்டினேன். ஒரு பக்கம் மூன்றடி, மற்றப் பக்கம் நாலடி, குறுக்கே சரியாக ஐந்தடி வந்தால் மூலை நேர். நூலில் முடிச்சுப் போட்டு ஒவ்வொரு மூலையாக அளந்தார்கள். கரும்பலகையின் மூலை சரி, மேசை சரி, வகுப்பறையின் ஒரு மூலை கொஞ்சம் விலகி இருந்தது. அன்றைக்கு மகள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் போதும். “எங்கட அப்பா மேசன்” என்று அவள் பள்ளியில் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு வாளி தண்ணீருக்குள் இரண்டு கல்லைத் தட்டுகிறார்கள், வெளியில் இருந்து கேட்டால் மெல்லிய சத்தம். மரத்தால் செய்த அடிமட்டத்தின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் பக்கத்தில் தட்டுகிற மாதிரிக் கேட்கிறது. சத்தம் காற்றில் போவதைவிடத் தண்ணீரில் நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகுமாம். மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்தில் தோணிக்காரர்கள் துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதை வைத்துப் பாடும் மீனின் சத்தத்தைக் கேட்பது இதே வழியால்தான். மீன்மகள் சிலையையும் சின்னத்தையும் நகரம் முழுக்க வைத்திருக்கிறோம், துடுப்பில் காது வைத்துப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்?

கலையையும் விஞ்ஞானத்தையும் சேர்த்துப் படிப்பிப்பது வெளிநாட்டு நாகரிகம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகள் யார்? லண்டன் பி.எஸ்சி. படித்தவர், விஞ்ஞானம் படிப்பித்தவர், அதே ஆள்தான் பழைய யாழின் நரம்புகளையும் சுரங்களையும் கணக்கால் ஆராய்ந்து 1947 இல் யாழ் நூல் வெளியிட்டார். எங்கள் மண்ணில் இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா? பள்ளிகளில் அவரின் படத்துக்கு மாலை போடுகிறோம்.

இனி அந்தக் கூட்டம். சில பெற்றோர், புதன்கிழமை இந்தச் செய்முறைப் பாடத்தை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் செய்விக்க வேண்டும் என்று கேட்டார்கள். தரம் 3 க்கு! பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடம் கிடக்கிறது. கொப்பி பார்க்க வருகிற அதிகாரிக்கு என்ன காட்டுவது என்றும் ஒரு கேள்வி வந்தது. ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டு குறித்துக்கொண்டிருந்தார். முடிவு அடுத்த கூட்டத்தில் என்று சொல்லி எழும்பிவிட்டார்கள். நான் கடைசி வாங்கில் இருந்தேன், படித்த ஆட்கள் பேசுகிற இடத்தில் மேசன் என்ன பேசுவது என்று இருந்துவிட்டேன்.

அப்போது சொல்லாததை இங்கே சொல்கிறேன். தரம் 3 பிள்ளைக்கு இருக்கிற பாடத்தின் பெயரே சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள். செயற்பாட்டைக் கரும்பலகையில் பார்த்து எழுதி எப்படிச் செய்வது? விளையாட்டு, செயற்பாடு, இருந்து எழுதுகிற வேலை மூன்றும் சேர்ந்துதான் ஆரம்ப வகுப்பு நடக்க வேண்டும் என்று 1999 இல் நாடு முழுக்க வந்த சீர்திருத்தத்திலேயே இருக்கிறது, அந்த ரீச்சர் புதிதாக எதையும் கண்டுபிடித்துக் கொண்டுவரவில்லை. வருடத் தொடக்கத்தில் இதைச் செய்வதற்கும் காரணம் இருக்கிறது, அவரே எனக்குச் சொன்னது: முதல் இரண்டு மூன்று கிழமைக்குள்தான் எந்தப் பிள்ளை எப்படி யோசிக்கிறது, எது பயந்து ஒதுங்குகிறது, எது மற்றப் பிள்ளையின் கையைத் தட்டிவிட்டுத் தானே செய்கிறது என்று பார்க்கலாம், எழுத்து வேலை தொடங்கிவிட்டால் எல்லாத் தலையும் கொப்பிக்குள் போய்விடும். தகரத்தைச் சொன்ன அந்தப் பொடியன் இப்போது வாசிப்பதற்கும் முன்னுக்கு வருகிறானாம். வினாத்தாளோடு வருடம் தொடங்கியிருந்தால் அவன் அந்த ஜன்னல் ஓரத்திலேயே இருந்திருப்பான்.

கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. முப்பத்துநாலு பிள்ளைக்கு ஒரு ஆள், நிலமெல்லாம் தண்ணீர், பக்கத்து வகுப்பு ரீச்சருக்குச் சத்தம் தொந்தரவு. தாள், ஸ்பொன்ச், வாளி எல்லாம் அந்த ரீச்சரின் சொந்தக் காசு. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தவணைக்கு ஒருமுறை கொஞ்சக் காசு ஒதுக்கினால் போதும், பெரிய தொகை தேவையில்லை. கடையில் விற்கிற விலை கூடிய பெட்டிகளை யாரும் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அதைவிட மோசம், தகப்பன்மார் இரவிரவாக இருந்து தாங்களே மாதிரி செய்து பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புவது. நானும் போன வருடம் ஒரு வீடு செய்து கொடுத்தேன், நல்ல வீடு, முதற்பரிசும் கிடைத்தது, மகள் அதில் ஒரு ஈர்க்குக்கூட வைக்கவில்லை. அந்தப் பரிசை இப்போது பார்க்கப் பிடிக்கவில்லை.

அதிகாரிமாரிடம் ஒன்று கேட்கிறேன், கொப்பி பார்க்க வரும்போது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு “இந்தத் தாளால பாலம் போடு பாப்பம்” என்று சொல்லிப் பாருங்கள். ரீச்சர்மாரிடம் ஒன்று, எங்களைக் கூப்பிடுங்கள். மரவேலை செய்கிற ஓடாவி இருக்கிறார், வலை முடிகிறவர் இருக்கிறார், பன் பாய் இழைக்கிற அம்மாமார் இருக்கிறார்கள், கூத்துக்கு மத்தளம் அடிக்கிற அண்ணாவியார் இருக்கிறார், மருதமுனைப் பக்கம் போனால் தறிக்காரர் இருக்கிறார்கள். கைநாட்டு என்று நினைத்து ஒதுங்கி நிற்கிற ஆட்கள், கூப்பிட்டால் கட்டாயம் வருவார்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.

அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசியில். இந்த முறை முன் வாங்கில் இருப்பேன். ஸ்பொன்ச் ஒன்றில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், அதையும் கொண்டுதான் போவேன். மட்டக் குழாயை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்தேன், எனக்கு வேறொன்று வாங்கிக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
படுவான்கரை, மட்டக்களப்பு.